மூன்று ஆணிகளும் ஒரு கண்ணாடிச் சுவரும்

அந்தச் சிலுவையில் மரமே இல்லை. நெடுக்காக ஓர் ஆணி, குறுக்காக இரண்டு, சேருமிடத்தில் ஒரு கம்பிக் கட்டு. அவ்வளவுதான். மூன்றும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இடைக்காலத் தச்சர்கள் தூய மிக்கேல் ஆலயத்துக் கூரை உத்திரங்களில் அடித்தவை. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் வந்து போனபின் உத்திரங்கள் கரிக்கட்டைகளாகத் தரையில் கிடந்தன. கரிக்குள் ஆணிகள் கிடந்தன. உள்ளூர்க் குரு ஆர்தர் வேல்ஸ் அவற்றில் மூன்றைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டினார்.

சிலுவை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது மரம். மரத்தைப் பாடியிருக்கிறோம். பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று முத்தமிட்டிருக்கிறோம். ஆணியை அப்படி யாரும் கொண்டாடுவதில்லை. ஆணி அறைந்தவனுடைய கையிலிருந்து வந்தது. வேல்ஸ் கட்டிய சிலுவையில் மரம் எரிந்துபோய், அறைந்தவனுடைய பங்கு மட்டும் மிஞ்சி, அதுவே சிலுவையாக நிற்கிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் அவர் செய்தார் என்று சொல்ல மாட்டேன். எரிந்த கோவிலில் கைக்கு அகப்பட்டது அது. ஆனாலும் பகைவரின் ஒப்புரவு பற்றிக் கிறிஸ்தவம் போதிப்பதை இத்தனை சிறிய பொருளில் அடக்கிய இன்னொரு கைவேலையை நான் அறியேன்.

அந்த இரவில் ஊரில் 568 பேர் இறந்தார்கள். ஆலயத்தின் கூரைமேல் நின்று தீக்குண்டுகளோடு போராடியவர்கள் நான்கே பேர். அவர்களில் இருவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட். மற்றவர் ஆலயத்தின் கல்தச்சர் ஜாக் ஃபோர்ப்ஸ். மணலும் தண்ணீரும் தீர்ந்தபின் இருவரும் இறங்கிவந்து, கோவில் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கோபுரமும் அதன் கூர்முனையும் வெளிச்சுவர்களும் தப்பின. உள்ளே ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. பிறகு எரிந்த உத்திரங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே விழுந்து கிடப்பதை ஃபோர்ப்ஸ் பார்த்தார். அவற்றைக் கம்பியால் கட்டி நிமிர்த்தி வைத்தார். இடிந்த கல்லையே அடுக்கிப் பீடமும் எழுந்தது. அந்தப் பீடம் வழவழப்பாக இல்லை. உடைந்த கல் உடைந்தபடியே, விளிம்பு சீவாமல் உட்கார்ந்திருக்கிறது. கல்தச்சனுக்கு விளிம்பு சீவத் தெரியாதா? தெரிந்தவன் சீவாமல் விட்டதில்தான் அந்தப் பீடத்தின் அழகு இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து வந்த கிறிஸ்துமஸ் நாளில், கூரையில்லாத அதே இடத்திலிருந்து ஹோவர்ட் பிபிசி வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை எங்கள் மனத்திலிருந்து விரட்ட முயல்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். விரட்டிவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை, முயல்கிறோம் என்றுதான் சொன்னார். கடினமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. குண்டுகள் இன்னும் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. போர் முடிந்தபின் வரும் பெருந்தன்மை வேறு வகை. வென்றவனுக்கு அது எளிது. ஹோவர்ட் பேசியபோது இங்கிலாந்து வெல்லுமா என்பதே யாருக்கும் தெரியாது.

1948-ல் அவர் பீடத்தின் பின்சுவரில் ஒரு மன்றாட்டைப் பொறிக்கச் செய்தார். சிலுவையில் தொங்கியபடி இயேசு தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டாரே, அதிலிருந்து எடுத்தது. விளிப்பை எடுத்தார், வினையை எடுத்தார். யாருக்கு மன்னிப்பு என்பதை மட்டும் எடுக்கவில்லை. தந்தையை அழைக்கிற ஒரு சொல், மன்னிக்கக் கேட்கிற ஒரு சொல், அத்துடன் கல்வெட்டு முடிந்துவிடுகிறது.

அந்த மூன்றாவது சொல்லும் இருந்திருந்தால் அது மிக உயர்ந்த கல்வெட்டாகவே இருந்திருக்கும். எங்கள் கோவிலை எரித்தவர்களை மன்னியும் என்று கேட்கும் ஓர் ஊர்! உலகம் வியந்திருக்கும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஓர் ஆசனம் போடப்பட்டிருக்கும். மன்னிப்புக் கேட்டுத் தருகிறவன் அதில் உட்கார்ந்திருப்பான், மற்றவன் கீழே நிற்பான். இயேசு அந்தச் சொல்லைச் சொல்லலாம், அவரிடம் குற்றமில்லை. ஒரு தேசம் அவரிடமிருந்து அதைக் கடன் வாங்க முடியாது என்று ஹோவர்டுக்குத் தெரிந்திருக்கிறது. 1948-ல் அந்த ஊரார் ஹாம்பர்க் எரிந்ததையும் டிரெஸ்டன் எரிந்ததையும் அறிந்தவர்கள். சொல்லை எடுத்துவிட்ட இடத்தில் பள்ளம் விழுகிறது. வாசிக்கிறவர் எவரோ அவரே அந்தப் பள்ளத்தில் நிற்கிறார்.

மலைப்பொழிவில் இதே நுட்பம் ஓரிடத்தில் உண்டு. காணிக்கையோடு பீடத்துக்கு வந்து நிற்பவனிடம், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டது. ஆனால் அங்கே மனக்குறை யாருடையது என்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வந்தவனுக்குச் சகோதரன்மேல் ஏதும் உண்டா என்று இயேசு கேட்கவில்லை. சகோதரனுக்குத்தான் இவன்மேல் இருக்கிறது. அது பீடத்துக்கு முன்னால் வந்தபின்தான் இவனுக்கு நினைவு வருகிறது. தன் காயத்தை எண்ணிக்கொண்டு வந்தவனிடம் மற்றவன் காயம் எங்கே என்று கேட்கிற போதனை இது. கோவென்ட்ரியின் இடிபாட்டுப் பீடத்துக்கு முன்னால் நிற்கிற ஆங்கிலேயருக்கு அந்தச் சுவர் செய்கிற வேலையும் இதுதான்.

பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டலாம் என்று பலரும் நினைத்த காலத்தில், இருநூறுக்கு மேற்பட்ட வரைபடங்களிலிருந்து 1951-ல் தேர்வான கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் இடிபாட்டை அப்படியே நிற்க விட்டார். புதிய பேராலயத்தை அதற்குச் செங்கோணமாக, ஒட்டிக்கொண்டு நிற்கும்படி அமைத்தார். இரண்டும் செம்மணற்கல். 1962 மே 25 அன்று அதன் திருநிலைப்பாடு நடந்தது.

இரண்டு கோவில்களுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கண்ணாடி. கூரைவரை எழுகிற தெளிந்த கண்ணாடியில் ஜான் ஹட்டன் என்ற கலைஞர் புனிதர்களையும் வானதூதர்களையும் செதுக்கியிருக்கிறார். புனிதர்கள் நேராக நிற்கிறார்கள். தூதர்கள் சுழல்காற்றில் அகப்பட்டவர்கள்போல் வளைந்து பறக்கிறார்கள். கண்ணாடியில் கீறிய உருவமாதலால் யாருக்கும் உடம்பில் கனம் இல்லை. உள்ளிருந்து பார்க்கிறவர் புனிதரின் நெஞ்சினூடே எரிந்த கோவிலைப் பார்க்கிறார். புதுக் கோவிலின் பீடத்தில் நின்று திரும்பும் குருவின் கண்ணுக்கும் அது தப்பாது. வழிபாட்டுக்கு வந்தவர் காயத்தை மறந்துவிட்டுப் பாட முடியாதபடி கட்டிய கட்டடம் இது.

சுவரைப் பற்றி எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் பேசுகிறது. யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்துவைத்த நடுச்சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்கிறது. எருசலேம் தேவாலயத்தில் அப்படி ஒரு கல்தடுப்பு உண்மையாகவே இருந்தது. அதில் பதித்த கிரேக்க எச்சரிக்கைக் கல் ஒன்றை 1871-ல் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்தார். அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்னியர் யாரும் இதைத் தாண்டக் கூடாது என்று தொடங்கும் அந்தக் கல், தாண்டிப் பிடிபடுபவன் தனக்கு நேரும் சாவுக்குத் தானே பொறுப்பு என்று முடிகிறது. கொல்லப்படுகிறவன் தலையிலேயே கொலையின் பொறுப்பையும் வைத்துவிடும் அந்தக் கடைசி வரியைச் சற்று நேரம் பார்க்கலாம். பிளவுண்ட மக்கள் எந்த நாட்டிலும் பேசுகிற பேச்சு அதுதான், நடந்ததற்கு அவர்களே காரணம் என்று. பவுல் கைதானதும் இந்தத் தடுப்பின் பேரால்தான். பிற இனத்தானாகிய துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்தார் என்று எண்ணியே கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. அந்தத் துரோப்பீமு எபேசியன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் குறிக்கிறது. நடுச்சுவர் தகர்ந்ததைப் பேசும் நிருபம் எபேசு என்னும் ஊரின் பெயரையே தாங்கி நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

ஸ்பென்ஸ் எபேசியர் நிருபத்தை நினைத்துக் கண்ணாடி வைத்தாரோ என்னவோ. அவர் பக்கச் சுவர்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அவை ரம்பப் பல்போல மடிந்து மடிந்து போகின்றன. வண்ணச் சன்னல்கள் அந்த மடிப்புகளில், பீடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நுழைகிறவர் கண்ணுக்குக் கல்தான் தெரியும். நடக்க நடக்க, கடந்துவந்த மடிப்பின் ஒளி பக்கத்தில் விழும். முன்னால் இருப்பது என்ன நிறம் என்று தெரியாது. பீடத்தை அடைந்து திரும்பினால்தான் பச்சை, சிவப்பு, ஊதா, பொன் என அத்தனையும் ஒரே பார்வையில் எழும்பும். மனித வாழ்வின் பருவங்களை அந்தச் சன்னல்கள் குறிக்கின்றன. நடந்துகொண்டிருக்கும்போது முழுதும் புலப்படாது என்பதைக் கல்லில் இப்படிக் கட்டிக்காட்ட முடியும் என்று யார் நினைத்தது? அந்த மூன்று ஆணிகளின் சிலுவையும் இங்கேதான், பீடத்துப் பெரிய சிலுவையின் நடுவில் பொதிந்திருக்கிறது.

அதே சுவர்களில் வேதவசனங்களைப் பொறித்தவர் ரால்ஃப் பேயர். அந்த எழுத்துகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உயரம் ஒன்றுபோல் இல்லை. இடைவெளி சீராக இல்லை. சில எழுத்து சாய்கிறது. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள், படித்த கல்தச்சன் கிடைக்காமல், அவசரமாகவும் அன்போடும் கீறிய எழுத்துகளின் சாயல் அது. பேயர் பெர்லினில் பிறந்தவர். இளம் வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். போர்க்காலத்தில் எதிரிநாட்டான் என்று இங்கிலாந்து அவரைக் காவலில் வைத்தது. அவருடைய யூதத் தாய் ஆஷ்விட்ஸில் இறந்தார். எந்தப் பக்கமும் முழுதாகச் சேராத ஒருவரின் உளி இந்தக் கோவிலுக்கு எழுத்துத் தந்திருக்கிறது. வெளிச்சுவரில் தூய மிக்கேலின் வெண்கல உருவத்தைச் செய்த ஜேக்கப் எப்ஸ்டைனும் யூதர். அவர் வடித்த சாத்தான் மிக்கேலின் காலடியில் கட்டுண்டு கிடக்கிறான், கொல்லப்படவில்லை. அவன் முகமும் மனித முகம்தான்.

இனி, அந்தச் சுவரையொட்டிப் பிறந்த இன்னொரு மன்றாட்டு. 1958-ல் பேராலயக் குரு ஜோசப் பூல் எழுதியது. ஒவ்வொரு வெள்ளியும் நண்பகலில் இடிபாட்டுக்குள் நின்று சொல்கிறார்கள். சுவரிலுள்ள அந்த இரண்டு சொல்தான் ஒவ்வொரு வேண்டலுக்கும் மக்களின் பதில். வேண்டல்கள் ஏழு, கிறிஸ்தவ மரபு தலையான பாவங்கள் என்று எண்ணிய ஏழின் நிழலில் அமைந்தவை. பூலின் கை எங்கே அசைகிறது என்று பார்ப்பதில் தனிச் சுவை இருக்கிறது. சினம் அவரிடத்தில் நாட்டை நாட்டிலிருந்தும், இனத்தை இனத்திலிருந்தும், வகுப்பை வகுப்பிலிருந்தும் பிரிக்கிற வெறுப்பாகிறது. பெருந்தீனி என்றால் தட்டு நிறையச் சாப்பிடுகிறவனைத்தான் நினைப்போம். பூல் அதைப் பிறர் உழைப்பைத் தின்று மண்ணையும் பாழாக்குகிற பேராசையாகக் கண்டார். மண் பாழாவதைப் பற்றி 1958-ல் ஒரு கோவில் மன்றாட்டில் சொல்லியிருக்கிறார்! சோம்பலை எடுத்து, சிறையில் இருப்பவர், வீடற்றவர், அகதி ஆகியோர் துயரம் நம்மைத் தொடாமல் இருக்கிற அக்கறையின்மையாக்கினார். நாற்காலியில் கால் நீட்டிக் கிடப்பவனின் பாவம், எல்லைக் கம்பிவேலிக்கு அப்பால் நிற்கிறவரைப் பார்க்காத பாவமாக வளர்ந்துவிட்டது.

மன்றாட்டு முழுவதிலும் போர் என்ற சொல் இல்லை. குண்டு இல்லை, ஜெர்மனி இல்லை, கோவென்ட்ரிகூட இல்லை. எரிந்த கோவிலுக்குள் நின்று எரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், எரியவைப்பவை எவை என்று மட்டும் அடுக்குகிறார்கள். ஆணவம் கடைசியில் வருகிறது. மரபில் அதற்கு முதலிடம். பூல் அதைக் கடைசிக்குத் தள்ளியது மன்றாடுகிறவர் தம்மையே நம்பிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது என்பதற்காக என்று கொள்கிறேன்.

இங்கே நியாயமான ஒரு தடை எழும். யாருக்கு மன்னிப்பு என்று சொல்லாமல் விட்டால் குற்றம் எல்லார்மேலும் ஒரே அளவில் தெளிக்கப்பட்டுவிடாதா? ஆஷ்விட்ஸில் தாயை இழந்தவரையும் அந்த முகாமைக் கட்டியவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதா? ஒரே இரவில் பிள்ளையைப் பறிகொடுத்த கோவென்ட்ரிப் பெற்றோருக்கு அந்தச் சுவர் குத்தியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பூலின் மன்றாட்டில் பாவங்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. வெறுப்பு வெறுப்பு என்றே வருகிறது. பொதுவான மனித பலவீனம் என்று அதை மழுப்பவில்லை. நீதிமன்றம் செய்ய வேண்டியதை இந்தச் சுவர் செய்ய முற்படவில்லை. நீதிமன்றத்தில் கேட்க முடியாத ஒன்றை அது கேட்கிறது. இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம்.

கோவென்ட்ரியை எரித்த தாக்குதலுக்கு ஜெர்மானியர் வைத்த மறைபெயர் ‘நிலவொளி ஸொனாட்டா’. பேத்தோவனின் இசைக்கு வந்த கதி! திருநிலைப்பாட்டு விழாவுக்கு என்று பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய ‘வார் ரெக்வியம்’ 1962 மே 30 அன்று புதுக் கோவிலில் அரங்கேறியது. இறந்தோருக்கான லத்தீன் பூசைப் பாடலின் நடுநடுவே, முதல் உலகப் போரில் ஓய்வு உடன்படிக்கைக்கு ஒரு வாரம் முன்னால் கொல்லப்பட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் கவிதைகளை பிரிட்டன் வைத்தார். பாடகர் மூவரையும் தேசம் பார்த்துத் தேர்ந்தார். ஆங்கிலேயர் பீட்டர் பியர்ஸ், ஜெர்மானியர் டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்கௌ, ரஷ்யர் கலினா விஷ்னெவ்ஸ்கயா. சோவியத் அரசு விஷ்னெவ்ஸ்கயாவை அனுப்ப மறுத்தது. ஹெதர் ஹார்ப்பர் அவசரமாகக் கற்று அவர் இடத்தில் பாடினார். பழைய பகை ஆறிய மேடையில் புதிய பகை ஓர் இடத்தைக் காலியாக்கிவிட்டது.

ஓவனின் கவிதை ஒன்றில், செத்துப்போன போர்வீரன் பாதாளத்தில் இன்னொருவனைச் சந்திக்கிறான். நேற்று நீ கொன்ற எதிரி நான்தான் என்று அவன் தன்னைத் தெரிவிக்கிறான். பிரிட்டன் கொன்றவனுடைய பகுதியை ஆங்கிலேயரான பியர்ஸுக்கும், கொல்லப்பட்டவனுடைய பகுதியை ஜெர்மானியரான ஃபிஷர்-டீஸ்கௌவுக்கும் கொடுத்தார். ஃபிஷர்-டீஸ்கௌ ஜெர்மன் படையில் இருந்து போர்க்கைதியானவர். ஜெர்மானியக் குண்டில் எரிந்த ஊரின் கோவிலில் அன்று மாலை கொன்ற கை இங்கிலாந்தின் கையாயிற்று. ஹோவர்ட் ஒரு சொல்லை எடுத்துவிட்டுச் செய்ததை பிரிட்டன் பாத்திரம் பிரித்துச் செய்துவிட்டார். பாடி முடித்தபின் ஃபிஷர்-டீஸ்கௌ அழுதார்.

அந்தப் படைப்பு முழுவதும் ஓர் இடைவெளி திரும்பத் திரும்ப வரும். நம் இசையில் சொன்னால் ஷட்ஜத்துக்கும் பிரதிமத்யமத்துக்கும் உள்ள தூரம். நமக்குக் கல்யாணியில் பழகி இனித்தது. மேற்கத்தியக் காதுக்கு அது தரிக்க இடமில்லாமல் தொங்கும் ஒலி. மணிகள் அதையே அடிக்கின்றன, பாடற்குழுவினர் அதையே முணுமுணுக்கிறார்கள். மொத்தப் படைப்பிலும் மூன்றே இடத்தில், பக்க இசை எதுவுமின்றி, குரல்கள் மட்டும் மெல்ல இறங்கி ஓர் ஓய்வான ஸ்வரக்கூட்டில் அமர்கின்றன. இத்தனை சாவுக்குப் பிறகு அந்த ஓய்வு கொஞ்சம் அவசரமாக வருகிறதோ என்று தோன்றும். அந்த உறுத்தலையும் பிரிட்டன் வேண்டுமென்றே விட்டுவைத்தார் என்று நினைக்கிறேன்.

இடிபாட்டில் எரிந்துபோன பொருட்காப்பு அறைகளைச் சீர்செய்து ஒரு சந்திப்பு மையமாக்க 1961-ல் ஜெர்மானிய இளைஞர்கள் கோவென்ட்ரிக்கு வந்தார்கள். 1965-ல் கோவென்ட்ரி இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டில் சேதமான டீக்கனெஸ் மருத்துவமனையைக் கட்டியெழுப்ப உதவினார்கள். செங்கல் சுமப்பதில் இறையியல் விவாதத்துக்கு நேரமிருந்திருக்காது. டிரெஸ்டன் 1945 பிப்ரவரியில் எரிந்த ஊர். ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். அங்கே ‘ஃபிரௌயன்கிர்ஹே’ என்னும் மாதா ஆலயம் மறுபடி எழுந்தபோது, குவிமாடத்தின் உச்சியில் வைக்கும் பொன்முலாம் பூசிய உருண்டையும் சிலுவையும் பிரித்தானிய மக்களின் கொடையாக வந்தன. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய தந்தை டிரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். கறுத்த பழைய கற்களை, அவை முன்பு இருந்த இடத்திலேயே, வெளிறிய புதுக் கற்களுக்கு நடுவில் பதித்தார்கள். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. 2005 அக்டோபர் 30-ல் அந்த ஆலயம் திறந்தது.

அதன் பீடத்தில் கோவென்ட்ரி தந்த ஆணிச் சிலுவை ஒன்று இருக்கிறது. வெள்ளி நண்பகலில் பூலின் மன்றாட்டை ஜெர்மன் மொழியில் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் எரிந்தவர்கள் எழுதியதை இங்கிலாந்து எரித்த ஊரார் சொல்வதற்கு அதில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.